ம்ம்ம்... என்று முனகிய மெஷின்!

ரசத்துக்குப் பெருங்காயம் எப்போது போடுவது என்பதிலிருந்து, பிள்ளைகளைப் பரீட்சைக்கு எப்படி எழுப்புவது என்பது வரை இந்தப் பக்கத்தில் எத்தனையோ எழுதியிருக்கிறீர்கள். படித்து, வெட்டி ஒட்டி வைத்துக் கொண்டதோடு சரி, நான் எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தது எங்கள் வீட்டு வாஷிங் மெஷின்!

என் கணவருக்கு வெள்ளிமலையில் உத்தியோகம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வளைந்து வளைந்து மலையேறினால் வருமே, அதே வெள்ளிமலைதான். 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கல்வராயன் மலை தாலுகாவுக்கு இப்போது எங்கள் வெள்ளிமலைதான் தலைமையிடம். மரவள்ளித் தோட்டமும், பலா மரமும், சில்லென்ற காற்றுமாக ஊர் என்னவோ அழகுதான். வீட்டில் ஒரு சாமான் கெட்டுப் போகட்டும், அப்போது தெரியும் மலையில் குடியிருக்கிற கஷ்டம்.

என் மாமியாருக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. படுத்த படுக்கைதான். ஒரு நாளைக்கு மூன்று பெட்ஷீட், நாலைந்து துணி விரிப்பு. அத்தையின் பழைய நூல் புடவைகளைத்தான் கிழித்து விரிப்பாக்கி வைத்திருக்கிறேன். இத்தனையையும் துவைத்துக் கொடுத்தது ஒன்பது வருஷத்து செமி ஆட்டோமேடிக் மெஷின். ஒரு பக்கம் துவைக்கும், இன்னொரு பக்கம் பிழியும்.

ஐப்பசி மழை பிடித்துக் கொண்டிருந்த நேரம். காலையில் துணியைப் போட்டு, பவுடரைப் போட்டு, டைமரைத் திருகினேன். உள்ளே இருக்கிற சக்கரம் சுற்றவில்லை. "ம்ம்ம்..." என்று பல்வலிக்காரன் மாதிரி ஒரு முனகல். அவ்வளவுதான்.

கீழே ஒரு கடைக்கு போன் போட்டார் என் கணவர். மெஷினைப் பார்க்காமலே, "மோட்டார் போயிருக்கும் சார். மாத்தினா மூவாயிரத்துக்கு மேல ஆகும். மலைக்கெல்லாம் ஆள் வராது, வண்டியில ஏத்திக் கொண்டாந்துடுங்க" என்று பதில் வந்தது. மினி வேன்காரரைக் கேட்டால் போக வர இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார். மாசக் கடைசி. "ஒண்ணாம் தேதி வரட்டும், பார்த்துக்கலாம்" என்றார் என் கணவர். அவருக்கு என்ன, துவைக்கிறவள் நான்தானே! (இதைப் படித்துவிட்டு முறைப்பார், பரவாயில்லை.)

பின்பக்கத்துக் கல்லில் அடித்துத் துவைத்து, மெஷினின் பிழிகிற பக்கத்தில் போட்டுப் பிழிந்தேன். அந்தப் பக்கம் நன்றாகவே ஓடியது. அதற்கு வேறு மோட்டார் என்பதே எனக்கு அப்போது தெரியாது. பிழிந்த துணியும் மூட்டத்தில் காயாமல், வீடு முழுக்க ஈர வாடை. மூன்றாம் நாள் அத்தைக்கு நீர்க்கடுப்பு. நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, "தண்ணி நிறைய குடிக்கணும் பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் கவனித்தேன். தலைமாட்டில் காலையில் வைத்த டம்ளர் தண்ணீர் வைத்தபடியே இருந்தது. உதடெல்லாம் வெடித்திருந்தது.

"ஏன் அத்தை குடிக்கலை?" என்றேன். வாய் குழறும் அவருக்கு. மெதுவாகச் சொன்னார்: "நீ மழையில கல்லுல அடிக்கிற சத்தம் கேக்குதும்மா... கொஞ்சமா குடிச்சா கொஞ்சமாத்தானே நனையும்."

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. எழுந்து போய் மெஷின் முன்னால் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு, நாமே திறந்து பார்த்தால் என்ன என்று தோன்றியது.

கள்ளக்குறிச்சியில் எங்கள் பழைய வாடகை வீட்டுப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அவர் நம்பரைத் தேடிப் பிடித்தேன். எங்கள் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. பலா மரத்தடிக்குப் போய் நின்றால்தான் பேச்சு கேட்கும். மெஷின் சத்தத்தை அவருக்கு எப்படிக் கேட்க வைப்பது? என் மகன்தான் யோசனை சொன்னான். போனில் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடி, வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். ஐந்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார்.

"முனகுதுன்னா மோட்டாருக்குக் கரண்ட் போகுதும்மா. மோட்டார் செத்துப் போச்சுன்னு அதுக்குள்ள யார் சொன்னது? ஒண்ணு, சக்கரத்துல ஏதோ சிக்கியிருக்கும். இல்லேன்னா கெப்பாசிட்டர். முனக விட்டுட்டு நிக்காத, காயில் கருகிடும். பிளக்கைப் பிடுங்கு. சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது, பிடுங்கிடு. தண்ணியை வடிச்சுட்டு, கையால சக்கரத்தைச் சுத்திப் பாரு."

சுற்றிப் பார்த்தேன். அசையவே இல்லை. சக்கரத்தின் நடுவில் ஒரு மூடி. அதை நெம்பினால் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றியும் சக்கரம் வரவில்லை. ஒன்பது வருஷத்து சோப்பு அழுக்கு பிடித்து இறுகிப் போயிருந்தது. அதற்கும் அண்ணன் வழி சொன்னார்: சணல் கயிறு இரண்டை சக்கரத்தின் இரண்டு ஓரத்திலும் கீழே செருகி, ஒரே நேரத்தில் நேராக மேலே இழுக்க வேண்டும். ஒரு பக்கம் நானும், மறுபக்கம் மகனும் பிடித்து இழுத்தோம். "டப்"பென்று வந்ததில் நான் பின்னால் போய் வாளி மேல் உட்கார்ந்தேன்!

அடியில் என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? ஒரு ரூபாய் நாணயம் இரண்டு, ஊக்கு ஒன்று, சட்டைப் பொத்தான்கள், பந்தாகச் சுருண்ட தலைமுடி. எல்லாவற்றுக்கும் மேலே, தண்டைச் சுற்றி இறுக்கிக் கிடந்தது நீளமான ஒரு துணி நாடா. அத்தையின் நீலப் புடவைக் கரை! நான் கிழித்துப் போட்ட விரிப்பின் ஓரம் நூல் பிரிந்து உள்ளே போயிருக்கிறது. விரிப்புக்குத் துணி கிழிக்கிற சகோதரிகளே, ஓரத்தை மடித்து ஒரு தையல் போட்டுவிடுங்கள். நான் சோம்பல்பட்டதற்குக் கிடைத்தது இது.

சுத்தம் செய்து மாட்டியதும் சக்கரம் கையால் லேசாகச் சுற்றியது. சந்தோஷமாக பிளக்கைச் சொருகி டைமரைத் திருகினால், மறுபடியும் "ம்ம்ம்..."! தலையில் கை வைத்துக்கொண்டு மறுபடி மரத்தடிக்கு ஓடினேன்.

"அப்ப கெப்பாசிட்டரும் போயிருக்கு" என்றார் அண்ணன், ஏதோ எதிர்பார்த்தவர் போல. அது என்ன சாமான் என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வீட்டுக் கரண்டில் ஓடுகிற இந்த மாதிரி மோட்டார் தானாகக் கிளம்பாதாம். ஊஞ்சலில் உட்கார்ந்த பிள்ளையை முதலில் ஒருவர் தள்ளிவிட வேண்டுமில்லையா, அந்தத் தள்ளுதான் கெப்பாசிட்டர் வேலை. நம் மெஷின் வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறிச் சுற்றுகிறதே, ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அந்தத் தள்ளு வேண்டும். அது பலவீனமானால் மோட்டார் முனகிக்கொண்டே நிற்கும். மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதே, அதற்கும் பல வீடுகளில் இதுதான் காரணமாம்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றும் முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுக்கச் சொன்னார். அங்கே பிரஷர் குக்கர் வெயிட்டை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு டப்பா, ஒரு பக்கம் உப்பியிருந்தது. அதன் மேலேயே அளவு எழுதியிருந்தது: 10 மைக்ரோஃபாரட், 440 வோல்ட். போட்டோவை அனுப்பியதும், "அதேதான். அதே அளவுதான் போடணும், கூடக் குறைய போடக் கூடாது. ஆனா அதை மட்டும் நீ தொடாதே. பிளக்கைப் பிடுங்கினாலும் அதுக்குள்ள கரண்ட் தேங்கி நிக்கும். கை வெச்சா தூக்கி அடிக்கும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த பஸ்ஸில், கண்டக்டர் கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம் வந்து இறங்கியது. விலை நூற்று எண்பது ரூபாய். அன்று சாயங்காலம் தெருவிலிருக்கும் ஒயர்மேன் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் பழைய குண்டு பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயர் கட்டி, அந்த டப்பாவின் இரண்டு முனையிலும் பிடித்து, தேங்கிய கரண்டை வடித்துவிட்டு, புதியதை மாட்டிக் கொடுத்தார். இதில் மட்டும் வீரம் வேண்டாம் சகோதரிகளே. சக்கரம், பெல்ட், வடிகால் குழாய் எல்லாம் நம் கைக்கு அடங்குகிற வேலை; கரண்ட் வேலைக்குத் தெரிந்தவரைக் கூப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மூன்று பின் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்றும் அப்படியே பார்க்கச் சொல்லுங்கள். ஈரக் கையோடு நிற்கிற இடம் அல்லவா?

மோட்டார் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தது. மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி, லேசாகத் தள்ளி இறுக்கினேன். மெஷினுக்கு அடியில் எலிப் புழுக்கை கிடந்தது. நல்ல காலம், ஒயரைக் கடித்திருக்கவில்லை. கம்பி வலை வாங்கி அடியில் கட்டியிருக்கிறேன். எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு ஸ்க்ரூ மீதி! எங்கே விட்டுப் போனதோ, இன்று வரை சாமி அலமாரியில் தீப்பெட்டிக்குள் இருக்கிறது.

டைமரைத் திருகினேன். ஒரு நொடி மூச்சே நின்றது. பிறகு சர்ரென்று தண்ணீர் சுழன்றது பாருங்கள், பிரசவ வார்டுக்கு வெளியே நின்ற மாதிரிதான் இருந்தது.

சின்னசேலத்தில் இருக்கும் என் தங்கையிடம் இந்தப் பெருமையைச் சொன்னபோது, அவளுடைய ஃபுல் ஆட்டோமேடிக் மெஷினில் தண்ணீர் நிரம்பவே அரை மணி நேரம் ஆகிறது என்றாள். இப்போதுதான் நான் பாதி மெக்கானிக் ஆயிற்றே! குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, மெஷினின் பின்னால் தண்ணீர்க் குழாய் சேருகிற இடத்தைக் கழற்றச் சொன்னேன். உள்ளே சின்னதாக ஒரு சல்லடை. போர் தண்ணீர் உப்பு வெள்ளையாகப் பூத்து அடைத்திருந்ததாம். பழைய டூத் பிரஷும் எலுமிச்சம் பழமும் போதுமாக இருந்தது. அதே போல, பிழிகிற பக்கம் சுற்றவில்லை என்றால் முதலில் மூடி சரியாக மூடியிருக்கிறதா, சாக்ஸ் கீக்ஸ் அடியில் போய்ச் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூடி திறந்திருந்தால் சுற்றாமல் நிற்க உள்ளே ஒரு சுவிட்சே இருக்கிறது.

என் மகன் இன்னொரு விஷயமும் படித்துச் சொன்னான். ஐரோப்பிய நாடுகளில் 2021-லிருந்து, வாஷிங் மெஷின் மாடலை விற்பதை நிறுத்திய பிறகும் பத்து வருஷத்துக்கு முக்கியமான உதிரி பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சட்டமாம். நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை, சாமான்களை நாமே பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. ரிப்பேர் விஷயத்தில் ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். பக்கத்துப் புதுச்சேரியிலேயே 1980-களின் கடைசியில் டி.வி.எஸ்., வேர்ல்பூல் சேர்ந்து வாஷிங் மெஷின் தொழிற்சாலை தொடங்கினார்கள். அங்கிருந்து மலையேறி எங்கள் வீட்டுக்கு ஒரு மெஷின் வர இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வந்ததை அவ்வளவு லேசாக காயலான் கடைக்கு அனுப்ப மனசு வருமா?

ஹான்ஸ் ரோஸ்லிங் என்று சுவீடன் நாட்டு டாக்டர் ஒருவர், 2010-ல் ஒரு மேடையில் தன் வீட்டுக்கு முதன்முதலாக வாஷிங் மெஷின் வந்த நாளைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவருடைய பாட்டி, பட்டனை அழுத்திவிட்டு, துவைத்து முடிகிற வரை மெஷின் முன்னாலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாராம். மிச்சமான நேரத்தில் அம்மா அவரை லைப்ரரிக்குக் கூட்டிப் போனாராம். என் அத்தையும் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "காலருக்கு யார் பிரஷ் போடுறது?" என்று மெஷினை மிரட்டிக்கொண்டிருந்தார்!

அடுத்த தடவை கள்ளக்குறிச்சி போனபோது மெக்கானிக் அண்ணனுக்கு ஒரு பாட்டில் மலைத்தேன் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூலி வாங்க மாட்டேன் என்றவர், தேனை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

மெஷின் ஓடிய அன்று ராத்திரி, அத்தை படுக்கையிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஓடுதா?" என்றார். "ஓடுது அத்தை" என்றேன். இடது கையைத் தலைமாட்டுப் பக்கம் நீட்டினார். டம்ளரை எடுத்து வாயில் வைத்தேன். மடமடவென்று குடித்துவிட்டு, "இன்னொண்ணு குடும்மா" என்றார்.

- ஒரு வாசகி,
வெள்ளிமலை, கள்ளக்குறிச்சி மாவட்டம்.