இணையப் படிவத்தில் வயலின் இடத்தைச் சரியாகக் குறிப்பது எப்படி?

மானியம், இழப்பீடு போன்றவற்றுக்கான இணையப் படிவத்தில் வயலின் இடத்தை வரைபடத்தில் குறிக்கச் சொன்னால், அவசரப்பட்டு நிரப்பக் கூடாது. வீட்டிலோ இ-சேவை மையத்திலோ படிவத்தைத் திறந்தால், குறி பெரும்பாலும் நீங்கள் இருக்கும் இடத்தில்தான் விழும். அப்படியே அனுப்பினால், ஆய்வுக்கு வருபவர் வயலுக்குப் பதில் அங்கே போய் நிற்பார்.

வயலின் நடுவே, மரநிழல் இல்லாத வெட்டவெளியில் நின்று, கைபேசியில் ஜி.பி.எஸ். வசதியை இயக்கி, ஓரிரு நிமிடம் பொறுத்துக் குறிக்கவும். குறி விலகியிருந்தால், செயற்கைக்கோள் படத்தில் கிணறு, வரப்பு ஆகியவற்றை அடையாளம் பார்த்து, விரலால் நகர்த்தி வயலுக்குள் வைக்கவும்.

எண்களாகக் கேட்டால், தமிழ்நாட்டில் அட்சரேகை 8 முதல் 13 வரையிலும், தீர்க்கரேகை 76 முதல் 80 வரையிலும் தொடங்கும். இரண்டையும் மாற்றி எழுதினால், குறி வட துருவம் பக்கம் ஆர்க்டிக் பகுதிக்குப் போய்விடும். புள்ளிக்குப் பின் 5 இலக்கங்களையும் எழுத வேண்டும். 3 இலக்கத்தோடு விட்டால் 100 மீட்டர் வரை தள்ளிப்போய், பக்கத்து வயலில் விழலாம்.

அனுப்பும் முன் சர்வே எண், உட்பிரிவு எண்ணைப் பட்டாவுடன் ஒப்பிட்டு, குறி தெரியும் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் கேள்வி எழுந்தால் அது உதவும்.