புல்லுக்கு எந்தத் தண்ணீர்?

1869ஆம் ஆண்டு தொடங்கிய சிங்கப்பூர் மழைப் பதிவுகளில் ஆக வறண்ட மாதம் 2014 பிப்ரவரி. எனக்கு அப்போது 9 வயது. ஊரெங்கும் புல்தரைகள் பழுப்பு நிறமானது நினைவிருக்கிறது. ஆனால் வீட்டுக் குழாயில் தண்ணீர் நிற்கவில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் புதுநீர் ஆலைகளும் கூடுதலாக இயங்கின. நீர்த்தேக்கங்களிலும் புதுநீர் சேர்க்கப்பட்டது.

கழிவுநீரைக் குடிக்கும் அளவுக்குச் சுத்தம் செய்யத் தெரிந்த நாம், பூங்காக்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் அதையே பாய்ச்சினால் என்ன? பல்கலைக்கழகப் பாடத்துக்காக இந்தக் கேள்வியுடன் தேடத் தொடங்கினேன். கிடைத்த பதில் நான் எதிர்பார்த்தது அல்ல.

புல்லுக்கு மிஞ்சிய சுத்தம்

பொதுப் பயனீட்டுக் கழகம் 2003ல் புதுநீரை அறிமுகப்படுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு, தேசிய தின அணிவகுப்பில் ஏறத்தாழ 60,000 பேர் புதுநீர் போத்தல்களை உயர்த்தி அருந்தினார்கள். சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் முதலில் நுண்வடிகட்டிகளைக் கடக்கிறது. பிறகு மிக நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்தத்துடன் செலுத்தப்படுகிறது. உப்புகளும் கிருமிகளும் அங்கே தங்கிவிடுகின்றன. கடைசியில் புறஊதாக் கதிர் பாய்ச்சப்படுகிறது.

இப்படிக் கிடைக்கும் நீரில் தாதுக்கள் மிகக் குறைவு. கணினிச் சில்லுகளைக் கழுவும் தொழிற்சாலைகளுக்கு அதுதான் தேவை. பெரிய கட்டடங்களின் குளிர்சாதனக் கோபுரங்களுக்கும் அது போகிறது. நாட்டின் நீர்த் தேவையில் 40 விழுக்காடு வரை புதுநீரால் நிறைவேற்ற முடியும். ஆனால், புல் அவ்வளவு சுத்தமான தண்ணீரைக் கேட்பதில்லை. மின்சாரம் செலவழித்துத் தயாரித்த நீரை மண்ணில் ஊற்றுவதைவிட, அதை ஆலைக்குக் கொடுத்துவிட்டு அங்கே செலவாகியிருக்கக்கூடிய குடிநீரை மிச்சப்படுத்துவதே புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது.

குளமே வடிகட்டி

அப்படியானால் பூங்காக்களுக்கு? ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. தேக்காவில் பெய்யும் மழைகூட வடிகால்கள் வழியாக ரோச்சோர் கால்வாயில் இறங்கி, மரினா நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி மழைநீரைப் பிடித்துத் தருகிறது.

2012ல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டங்களுக்குச் சென்றிருப்பீர்கள். அங்குள்ள ஏரிகள் படம் எடுப்பதற்கு மட்டுமல்ல. தோட்டத்திலிருந்து வழிந்தோடும் நீரை ஏரிகளிலுள்ள நாணல்களும் மற்ற நீர்த்தாவரங்களும் வடிகட்டுகின்றன. அந்த நீரே செடிகளுக்கும் பாய்ச்சப்படுகிறது. உரத்திலிருந்து வரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தாவரங்கள் உறிஞ்சிக்கொள்வதால் ஏரியில் பாசி படர்வது குறைகிறது.

பீஷான்-அங் மோ கியோ பூங்காவிலும் இதே உத்தி உண்டு. 2.7 கிலோமீட்டர் நீளமிருந்த சிமெண்டுக் கால்வாய், அங்கே 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் காலாங் ஆறாக 2012ல் மாறியது. பூங்காக் குளத்து நீர், படிப்படியாக அமைந்த தாவரப் பாத்திகள் வழியே இறங்கிச் சுத்தமாகிறது.

தெளிப்பானில் ஒரு சிக்கல்

குளியலறை, கைகழுவும் தொட்டி ஆகியவற்றின் நீரைச் சுத்திகரித்துச் செடிகளுக்கு ஊற்ற இங்கே அனுமதி உண்டு. ஆனால், அதைத் தெளிப்பான்களில் பயன்படுத்தக் கூடாது. தெளிப்பான் நீரை நுண்துளிகளாகச் சிதறடிக்கும். சுத்திகரிப்பில் சிறு குறை இருந்தாலும் அந்தத் துளிகளைச் சுவாசிப்பவருக்கு ஆபத்து. பிள்ளைகள் விழுந்து புரளும் காற்பந்துத் திடலுக்கு இந்தக் கவனம் தேவைதான்.

மற்ற நகரங்கள் வேறு வழிகளில் போயிருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவுக்குச் சுத்திகரித்த கழிவுநீரைத் தர 1932லேயே ஓர் ஆலை கட்டப்பட்டது. அமெரிக்காவில் மறுபயனீட்டு நீர்க் குழாய்களுக்கு ஊதா நிறம் பூசுகிறார்கள், குடிநீர்க் குழாயோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க. சென்னையின் முக்கிய ஏரிகள் 2019 கோடையில் வறண்டன. அதே ஆண்டில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்ற நீராக்கும் ஆலைகள் செயல்படத் தொடங்கின. தொழிற்சாலை விட்டுக்கொடுக்கும் ஏரித் தண்ணீர் வீடுகளுக்குப் போகும்.

பாட்டியின் கறிவேப்பிலை

என் பாட்டி அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டமாட்டார். அது வீவக வீட்டு நடைபாதையில் இருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு. “ஊரில் குளித்த தண்ணீர் கொல்லையில் வாழைக்குத்தானே போகும்,” என்பார். ஆனால் புதுநீர் என்றதும் முகம் சுளித்து, “என்னதான் சொல்லு, சாக்கடைத் தண்ணீர் சாக்கடைத் தண்ணீர்தான்,” என்கிறார். என் வயது நண்பர்கள் சிலரும் இதையே வேறு சொற்களில் சொல்கிறார்கள். எந்த வேலைக்கு எந்தத் தண்ணீர் என்று பாட்டிக்கு நன்றாகவே தெரியும். ஆலையில் நடப்பது கண்ணுக்குத் தெரியாததுதான் அவருக்குத் தடை. அதை வீட்டில் விளக்கிச் சொல்ல வேண்டியது பள்ளியில் அறிவியல் படித்த நாம்தான், அதுவும் தமிழில்.

ஜோகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்க வழிவிடும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061ல் முடிகிறது. அப்போது எனக்கு 56 வயது. இதைப் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஐம்பதைச் சுற்றி. அன்றைய நீர்க் கட்டணத்தைக் கட்டப்போவது நாம்தான்.

அதனால் ஒரு சின்ன வேலை. உங்கள் பள்ளித் திடலுக்கும் தோட்டத்துக்கும் எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் வருகிறது என்று பராமரிப்பு ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள். குடிநீர் என்றால், கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடிக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். நூறு சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஆயிரம் லிட்டர். அடுத்த திட்டப்பணிக்குத் தலைப்பு தயார்.