உதைத்தால் திருப்பி உதைக்கும் புல்லட்! தெரியுமா?

பூமிக்கு அடியில் ஒரு பைக் ஃபேக்டரி இருந்தது தெரியுமா? இங்கிலாந்தில், வெஸ்ட்வுட் என்ற ஊரின் கல் சுரங்கம். உலகப்போர் குண்டுகளுக்குத் தப்ப உள்ளே போன ராயல் என்ஃபீல்டு, போர் முடிந்தும் வெளியே வரவில்லை. 1970 வரை அங்கே இன்டர்செப்டர் செய்தது! அதே பெயரில் 650 சிசி வண்டி இன்று நம்ம ஒரகடம் பக்கமிருந்து லாரி லாரியாகக் கிளம்புகிறது.

1950-களில் வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்து திருவொற்றியூரில் பிறந்த நம்ம புல்லட், 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது தெரியுமா? தாய்வீட்டுக்கே சீர்!

அந்தப் பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்வது ஒரு சாஸ்திரம். சாவி போட்டதும் உதைத்துவிடக் கூடாது. கிக்கரை மெதுவாக அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால், உள்ளே பிஸ்டன் மேலேறிவிட்டது என்று அர்த்தம். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு துளி நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு அப்புறம் ஒரே உதை. முள்ளைப் பார்க்காமல் உதைத்தவரை வண்டி திருப்பி உதைக்கும். அப்படி உதை வாங்கிய ஒருவரை எதிர்வீட்டு ஓட்டின் மேலிருந்து ஏணி வைத்து இறக்கினார்களாம். (ஏணி வைத்தது உண்மை, அவர் காற்றாடி எடுக்க ஏறியவர் என்று ஒரு கட்சி.)

அந்தப் பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில்! இரவல் வாங்கிப் போனவர்கள் பிரேக் என்று கியரை மிதித்து, பெட்டிக்கடைக்குள் போய் சோடா கேட்ட கதை ஊருக்கு ஊர் உண்டு.

கேட்டால் தலை சுற்றும்: 325 சிசியில் டீசல் புல்லட்டே இருந்தது! பெயர் டாரஸ், திறன் வெறும் 6.5 குதிரை. போரில் பாராசூட்டில் கட்டி வானத்திலிருந்து போட்ட 125 சிசி குட்டி என்ஃபீல்டுக்குப் பெயர் ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’. ராஜஸ்தானின் பாலி அருகே ஒரு புல்லட்டுக்குக் கோயிலே இருக்கிறது. விபத்துக்குப் பின் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தானாகவே விபத்து நடந்த இடத்துக்குத் திரும்பிய வண்டியாம். ஸ்டார்ட் ஆனதுதான் அதிசயம் என்பார்கள் பழைய புல்லட்காரர்கள்.

ஆயில் விஷயம் தனி. பழைய புல்லட்டின் பெரிய ஒற்றை பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் இன்ஜினுக்குள் காற்று அழுந்தி, இணைப்புகளின் வழியே எண்ணெயைப் பிதுக்கிவிடும். அதனால் வண்டிக்கு அடியில் பழைய பேப்பர் விரிப்பது வீட்டு வழக்கம்.

2013-ல் ஒரகடம் ஃபேக்டரி வந்தது. அங்கே செய்த புது வண்டி வாங்கிய ஒரு பெரியவர், பழக்க தோஷத்தில் ராத்திரி பேப்பர் விரித்தாராம். காலையில் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. பதறிப்போய் மெக்கானிக்கிடம் ஓடினாராம்: “தம்பி, கம்பெனிக்காரன் ஆயிலே ஊத்தாம அனுப்பிட்டான்பா!”