எலியின் நஞ்சுக்கொடியில் பெருகிய மரபணுக்கள்

கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் வழியில், நடுவட்டத்தில் பலர் வண்டியை நிறுத்துவார்கள். சின்கோனா மரங்களையும் பழைய சிறையையும் பார்ப்பார்கள். எலியைத் தேடி நிறுத்துபவர் யாரும் இல்லை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் எலியினம் நீலகிரியில் வாழ்கிறது. குன்னூரில் கிடைத்த மாதிரியை வைத்து போன்ஹோட் 1898இல் அதற்கு 'மஸ் ஃபமுலஸ்' என்று பெயர் சூட்டினார். இன்று அது அழியும் ஆபத்திலுள்ள இனம். ஆய்வுக்கூடங்களில் வளரும் 'மஸ் மஸ்குலஸ்' எலிக்கு அது நெருங்கிய உறவு. இனி வரும் செய்தியெல்லாம் அந்த ஆய்வுக்கூட உறவுக்காரன் சொல்லித் தந்தது.

எலியின் சினைக்காலம் ஏறக்குறைய இருபது நாள். குட்டிக்கு உணவும் உயிர்வாயுவும் சேர்க்கும் நஞ்சுக்கொடி அதற்குள் உருவாகி, உழைத்து, பேறு முடிந்ததும் தாயின் வயிற்றுக்கே இரையாகிவிடும்.

2005இல் மைல்ஸ் வில்கின்சன் குழுவினர் எலியின் எக்ஸ் குரோமோசோமில் பன்னிரண்டு மரபணுக்கள் வரிசையாக இருப்பதைக் கண்டு, அவற்றுக்கு 'ராக்ஸ்' என்று பெயரிட்டார்கள். மற்ற மரபணுக்களை எப்போது இயக்குவது, எப்போது அடக்குவது என்று ஆணையிடும் வகை இவை. பின்னர் எண்ணிப் பார்த்தபோது முப்பதுக்கும் மேல் தேறின. மனிதரிடம் இருப்பவை விரல்விட்டு எண்ணிவிடக்கூடியவை.

இத்தனை எப்படி வந்தன? இனப்பெருக்க உயிரணு உருவாகும்போது இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஒன்றுபோல் இருக்கும் பகுதிகள் இடம் பிசகிப் பொருந்தினால், ஒரு பக்கம் மரபணு இரட்டிக்கும், மறுபக்கம் குறையும். மூலப் பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருந்தால், ஜெராக்ஸில் என்ன கிறுக்கினாலும் சொத்து போகாது. கூடுதல் பிரதிக்கும் அந்தச் சுதந்திரம் கிடைக்கிறது. ராக்ஸ்6, ராக்ஸ்9 என்ற இரட்டையர் இப்படிப் பிறந்தவர்கள்தாம். இருவருக்கும் நஞ்சுக்கொடியில் வேலை. கருவின் உடலிலோ, டிஎன்ஏவில் ஒட்டும் மெத்தில் குறிகள் ராக்ஸ் கூட்டத்தைப் பெரும்பாலும் பூட்டி வைத்திருக்கின்றன.

எனக்கு வியப்பு இதைவிட இன்னொன்றில். எலியின் நஞ்சுக்கொடியில், பெண் குட்டியின் இரண்டு எக்ஸ்களில் தந்தை கொடுத்தது முடக்கப்படுகிறது. ஆண் குட்டிக்கோ தாய் கொடுத்த எக்ஸ் மட்டுமே உண்டு. ஆக, எக்ஸில் உட்கார்ந்திருக்கும் மரபணுவுக்கு அங்கே தாய்வீட்டுப் பிரதி மட்டும்தான் பேசும். குட்டிக்கு எவ்வளவு ஊட்டம் போக வேண்டும் என்பதில் தாய்க்கும் தந்தைக்கும் நலன் ஒன்றல்ல என்று கருதும் உயிரியலாளர்களுக்கு இது நல்ல தீனி.

பிரதியெடுக்கும் பழக்கம் ராக்ஸோடு நிற்கவில்லை. பால் சுரப்போடு தொடர்புள்ள புரோலாக்டின் மரபணு மனிதரிடம் ஒன்றே ஒன்று. எலியின் 13ஆம் குரோமோசோமில் அதன் குடும்பம் இருபதைத் தாண்டுகிறது. பெரும்பாலானவை நஞ்சுக்கொடியில் இயங்குபவை. நாம் பிரதியெடுத்தது வேறொன்றை, வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை. நம் 17ஆம் குரோமோசோமில் அந்த வரிசையில் ஐந்து இருக்கின்றன. ஒன்று பிட்யூட்டரி சுரப்பிக்கு, மற்ற நான்கும் நஞ்சுக்கொடிக்கு.