உடலும் செவியாகும்

கோயில் திருவிழாவில் தவில் முழங்கும்போது அதன் அருகில் நின்றிருக்கிறீர்களா? தில்லியின் திருமண ஊர்வலங்களில் தோல் என்னும் மேளம் ஒலிக்கும்போதும், கொல்கத்தாவின் துர்க்கா பூசைப் பந்தல்களில் டாக் என்னும் பெருமேளம் முழங்கும்போதும் அவ்வொலி காதை மட்டும் எட்டுவதில்லை. நெஞ்சுக்குள் ஓர் அதிர்வு எழுகிறது. நிற்கும் தரையும் மெல்ல நடுங்குகிறது. இரு காதுகளையும் பொத்திக்கொண்டாலும் அந்த அதிர்வு நின்றுவிடுவதில்லை. செவித்திறன் குறைந்தோர் இசையை எவ்வாறு அறிகின்றனர் என்னும் வினாவிற்கு விடை இங்கிருந்தே தொடங்குகிறது.

ஒலி என்பது அதிர்வு. அதிரும் பொருள் காற்றை அசைக்கிறது. அவ்வசைவு செவிப்பறையில் மோதி, மூன்று சிற்றெலும்புகளின் வழியாக உட்செவியை அடைகிறது. நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் அவ்வுறுப்பில் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. அவையே அதிர்வை நரம்புத் தூண்டலாக மாற்றி மூளைக்கு அனுப்ப உதவுகின்றன. நோயாலோ முதுமையாலோ பேரொலியாலோ அவை அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் வளர்வதில்லை.

ஆயினும் செவித்திறன் குறைதல் என்பது முழு அமைதி அன்று. பெரும்பாலோர்க்கு உயர்ந்த சுருதிகளே முதலில் மறைகின்றன. மிருதங்கத்தின் தொப்பி எனப்படும் இடப்பக்கத்தின் ஆழ்ந்த ஒலி கேட்கும். அதே கச்சேரியில் வயலினின் மேல்நிலைச் சுரங்கள் கேளாமற்போகும். வேறு சிலருக்குப் பாடல் கேட்கும். ஆனால் சுருதி பிசகியதுபோல் தோன்றும். இசை கற்றவர்க்கு அமைதியைவிட இதுவே பெருந்துன்பம் எனலாம்.

அத்துன்பத்தை அறிந்தவர் ஜெர்மானிய இசையமைப்பாளர் பீத்தோவன். 1770இல் பிறந்த அவருடைய செவித்திறன் முப்பது வயதை எட்டுமுன்னரே குறையத் தொடங்கியது. அருகில் நிற்பவருக்குத் தொலைவிலிருந்து குழலோசை கேட்க, தமக்கு எதுவும் கேளாத வேதனையை 1802இல் தம்பியருக்கு ஒரு மடலில் எழுதினார். அம்மடலை அவர் அனுப்பவே இல்லை. பிற்காலத்தில் நண்பர்கள் தாம் சொல்ல விரும்பியதைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினர். ஆனால் அவர் இசை அமைப்பதை விடவில்லை. சிறுவயது முதல் பயின்ற சுரங்கள் அவர் மனத்துள் ஒலித்தன. வாய் திறவாமல் ஒரு பாடலை நாம் மனத்துள் பாடிப் பார்ப்பது போன்றது அது. 1824 மே 7 அன்று வியன்னாவில் அவருடைய ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியது. அவையோரின் ஆரவாரம் கேளாமல் நின்ற அவரைப் பாடகி ஒருவர் அவையை நோக்கித் திருப்பினார். அப்போதுதான் அவர் அதைக் கண்டார்.

பீத்தோவனுக்கு நினைவு துணைநின்றது. நம் காலத்தவரான எவலின் கிளென்னிக்கு உடல் துணைநிற்கிறது.

கிளென்னி 1965இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, ஒரு பண்ணையில் வளர்ந்தவர். எட்டு வயதில் அவருடைய செவித்திறன் குறையத் தொடங்கியது. பன்னிரண்டு வயதிற்குள் பெரும்பாலும் நீங்கிவிட்டது. அந்த வயதில்தான் அவர் தாளக்கருவிகள் கற்கப் புகுந்தார். பள்ளியின் தாளக்கருவி ஆசிரியர் ரான் ஃபோர்ப்ஸ் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. டிம்பனி எனப்படும் பெருமுரசுகளை வெவ்வேறு சுருதிகளில் அமைத்து முழக்கி, அறையின் சுவரில் கைகளை வைத்து உணருமாறு கூறினார். தாழ்ந்த சுருதி கால்களிலும் பாதங்களிலும் அதிர்ந்தது. உயர்ந்த சுருதி முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் அதிர்ந்தது. பழகப் பழக, சுருதிகளின் சிறு வேறுபாடுகளையும் அந்தச் சிறுமியால் பிரித்தறிய முடிந்தது.

பின்னர் அவர் இலண்டனில் உள்ள ராயல் அகாதமி ஆஃப் மியூசிக் என்னும் இசைக் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். செவித்திறன் இழந்த இசைக்கலைஞருக்கு என்ன எதிர்காலம் இருக்கும் என்று தெரியவில்லை எனக் கூறி, முதலில் மறுத்துவிட்டனர். கிளென்னி பணிந்துபோகவில்லை. வாசிக்கும் திறனையும் இசையை உணரும் திறனையும் நோக்காமல் ஒருவரை மறுப்பது முறையா என வாதிட்டார். மீண்டும் வாசித்துக் காட்டி இடம் பெற்றார். விண்ணப்பிப்போரின் உடற்குறையைப் பாராமல் வாசிப்பை மட்டுமே பார்க்கும் வழக்கத்திற்கு இது வழிவகுத்தது என்று அவர் பின்னர்க் கூறினார்.

மேடையில் அவர் பெரும்பாலும் வெறுங்காலுடன் வாசிப்பார். தளத்தின் அதிர்வு பாதத்தில் படவேண்டும் அல்லவா! 1989இல் கிராமி விருது பெற்றார். 2012இல் இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆயிரம் முரசுக் கலைஞர்களுக்குத் தலைமை ஏற்றார். தம் செவியைப் பற்றிப் பேசுவோரைவிடத் தம் இசையைப் பற்றிப் பேசுவோரையே அவர் விரும்புவார். இப்பாடம் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காமலும் போகலாம்.

தமிழர் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்தனர். இவற்றுள் தொடுகையால் உணர எளியவை தோற்கருவிகள். நரம்புக்கருவியாகிய வீணையின் குடத்தைத் தொட்டால் அதிர்வு தெரியும். துளைக்கருவியாகிய புல்லாங்குழலில் அதிர்வது உள்ளிருக்கும் காற்று; ஆகவே அதனைத் தொடுகையால் அறிவது அரிது. கடம் வாசிப்போர் அதன் வாயை வயிற்றோடு அணைத்துக்கொள்வதால் தம் இசையைத் தாமே வயிற்றாலும் உணர்கின்றனர்.

இக்காலத்தில் கருவிகளும் உதவுகின்றன. ஆனால் செவித்துணைக் கருவி பேச்சுக்காகவே முதன்மையாக வடிவமைக்கப்படுவது. இசையின் உரத்த ஒலிகளை அது சிதைத்துவிடக்கூடும். எனவே இசைக்கென்று தனி அமைப்பு வேண்டுமென வல்லுநரிடம் கேட்டுப் பெறலாம். உட்செவியில் பொருத்தப்படும் காக்ளியர் கருவியில் மின்முனைகள் 12 முதல் 22 வரைதான் இருக்கும். அதனால் தாளம் தெளிவாக விளங்கும்; இராகத்தின் நுட்பம் எளிதில் விளங்காது. பழகிய பாடல்களை மீண்டும் மீண்டும் கேட்டுப் பயில்வோர்க்கு அது சிறிது சிறிதாகக் கைகூடும்.

உங்கள் வகுப்பில் செவித்திறன் குறைந்த தோழர் இருந்தால், பாட்டுப் பயிற்சியின்போது ஊதிய பலூன் ஒன்றை அவர் கையில் கொடுங்கள். ஒலிபெருக்கியின் முன்னே பிடித்தால் அது விரல்களுக்கிடையே தாளத்தோடு அதிரும். சிமெந்துத் தரையைவிட மரப்பலகை நன்கு அதிரும். மேளத்தைப் பலகைமேல் வைத்து, அவரையும் அதன்மேல் வெறுங்காலுடன் நிற்கச் செய்யலாம். பாடலின் வரிகளை முன்னதாகவே எழுதிக் கொடுங்கள். மேளத்தை யார் வாசிப்பது என்று முடிவு செய்யும்போது அவரையும் கேளுங்கள்.