இராட்டையும் ஆழியும்

நம் தேசியக் கொடியின் நடுவே, 24 ஆரங்களுடன் விளங்கும் நீலநிறச் சக்கரத்தை அனைவரும் அறிவோம். அவ்விடத்தில் முன்னர் இருந்தது வேறொன்று. அது கைராட்டை.

1921ஆம் ஆண்டு, இன்று விசயவாடா எனப்படும் பெசவாடாவில் பிங்கலி வெங்கையா கொடியின் வடிவம் ஒன்றைக் காந்தியடிகளிடம் அளித்தார். அதில் இராட்டை இடம்பெறுதல் வேண்டும் என அடிகள் விரும்பினார். அந்நியத் துணியைத் துறந்து நூல் நூற்பதே போராட்டமாக இருந்த காலம் அது. வேந்தர் கொடிகளில் விலங்குகளும் படைக்கருவிகளும் பொறிக்கப்படுதல் பண்டைய மரபு; இங்கோ ஏழையின் குடிசையில் சுழலும் ஒரு தொழிற்கருவி கொடியேறிற்று. 1931இல் காங்கிரசு ஏற்றுக்கொண்ட மூவண்ணக் கொடியிலும், வெண்மைப் பட்டையின் நடுவே அது நிலைபெற்றது.

1947 சூலை 22 அன்று அரசியல் நிருணய சபையில் கொடிக்கான தீர்மானத்தை நேரு முன்மொழிந்தார். இராட்டை நீங்கியதற்கு அவர் கூறிய காரணம் மிக எளியது. இராட்டையில் சக்கரம் ஒருபுறமும் கதிர் மறுபுறமும் இருக்கும். ஆதலால் கொடியின் மறுபக்கத்தில் அவ்வுருவம் இடம்வலமாக மாறித் தோன்றும். சக்கரம் மட்டும் எனில் இருபுறமும் ஒன்றுபோலவே காணப்படும்.

எந்தச் சக்கரம் என்னும் வினாவிற்குச் சாரநாத்தின் அசோகர் தூண் விடை தந்தது. கலிங்கத்தை வென்றபின், அவ்வெற்றிக்காகத் தாம் வருந்துவதைக் கல்லிலே பொறித்து வைத்த பேரரசர் அசோகர். வெற்றியைக் கல்லில் பொறித்த மன்னர் பலர். வருத்தத்தைப் பொறித்தவர் அரியர். அறவாழி என நாம் தமிழில் வழங்கும் அச்சக்கரம், தேங்கிநில்லாத இயக்கத்தையும் குறிக்கும் என இராதாகிருஷ்ணன் அவையில் விளக்கினார்.

ஆயினும் காந்தியடிகளின் மனம் அமைதியுறவில்லை. இராட்டை இல்லாத கொடியை வணங்க மறுப்பேன் என்றே அவர் எழுதினார். இதனை முதுமையின் பிடிவாதம் என ஒதுக்குதல் முறையன்று. எத்துணை நல்லவராயினும் அசோகர் பேரரசரே. அவருடைய சின்னம் அரண்மனையினின்று வருவது. இராட்டையோ உழைப்பவர் கையினின்று வந்தது. ஆழி அறத்தைக் கூறும். அன்றாட உழைப்பைக் கூறிய குரல் கொடியில் தணிந்தது என்பது உண்மையே.

முற்றிலும் அடங்கிவிடவில்லை. கையால் நூற்றுக் கையால் நெய்த கதர்த்துணியிலேயே கொடி அமைதல் வேண்டும் என்னும் விதியால், கொடியின் முகத்தை விட்டு நீங்கிய இராட்டை அதன் இழைகளில் தங்கியது. 2021 டிசம்பர் 30 அன்று அவ்விதி திருத்தப்பெற்றது; பொறியில் நெய்த துணியும் பாலியெஸ்டரும் அன்றுமுதல் ஏற்கப்பட்டன.