உஷார்! மெயில் பூட்டும் பட்டனைக் காணோமா? அன்இன்ஸ்டால் பக்கம் போகாதீர்கள்!

அந்தரங்கமான மெயில்களைப் பூட்டி அனுப்ப ஒரு பிளக்-இன்னை இன்ஸ்டால் செய்கிறீர்கள். நிறுவியாயிற்று என்று திரை சொல்கிறது. சாவி உருவாக்கச் சொல்கிறது. பெயர், மெயில் முகவரி, பாஸ்வேர்டு கொடுத்து அதையும் முடிக்கிறீர்கள். பிறகு ஜிமெயிலுக்குப் போய்ப் பார்த்தால் பட்டனைக் காணோம். எங்கே தேடினாலும் இல்லை. இந்த இடத்தில் பெரும்பாலானவர்களின் கை தானாகப் போவது ஒரே இடத்துக்குத்தான்: தூக்கிவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்போம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வேறு எந்த மென்பொருளுக்கும் அது நல்ல வைத்தியமாக இருக்கலாம். மெயில் பூட்டும் பிளக்-இன்னுக்கு அது ஆபத்து.

ஏன் என்று சொல்கிறேன். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் பலர் பயன்படுத்தும் மெயில்வெலோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உருவாக்கிய சாவி ஜோடியில் பொதுச்சாவி ஊருக்குக் கொடுப்பதற்கு. ரகசியச்சாவி உங்களிடம் மட்டும் இருக்க வேண்டியது. அந்த ரகசியச்சாவி பிரவுசருக்குள், அந்த எக்ஸ்டென்ஷனுக்கென்று ஒதுக்கிய சேமிப்பிடத்தில்தான் இருக்கிறது. எக்ஸ்டென்ஷனை நீக்கினால் அந்தச் சேமிப்பிடமும் சேர்ந்து போகும். ரீசைக்கிள் பின்னில் தேடினால் கிடைக்காது. ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா’ என்று கேட்கும் இணைப்பும் கிடையாது. அந்தச் சாவியின் நகல் உலகில் வேறு எவரிடமும் இருக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆகவே கெஞ்சிக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

இழப்பு சாவியோடு நிற்பதில்லை. அந்தச் சாவிக்குப் பூட்டி உங்களுக்கு வந்த மெயில்கள் அத்தனையும் இனி வெறும் எழுத்துக் குப்பை. வக்கீல் அனுப்பிய வரைவு, மருத்துவ அறிக்கை, செய்தியாளரிடம் ஒருவர் நம்பிக் கொடுத்த தகவல் எல்லாம் இன்பாக்ஸில் கண்ணெதிரே இருக்கும், படிக்க முடியாது. அதைவிட மோசம், உங்கள் பழைய பொதுச்சாவி நண்பர்களிடம் அப்படியே இருக்கும். நீங்கள் புதுச்சாவி போட்ட விஷயம் தெரியாமல் அவர்கள் பழைய சாவிக்கே பூட்டிப் பூட்டி அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

எனவே பட்டனைத் தேடுவதற்கு முன்னால் சாவியை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஐகானே தெரியாதபோது எப்படி எடுப்பது என்று கேட்கலாம். வழி இருக்கிறது. குரோமின் மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தைத் திறங்கள். பட்டியலில் மெயில்வெலோப் இருக்கும். அதன் கீழே உள்ள ‘டீடெயில்ஸ்’ஸை அழுத்திக் கொஞ்சம் கீழே இறங்கினால் ‘எக்ஸ்டென்ஷன் ஆப்ஷன்ஸ்’ என்ற வரி வரும். அதை அழுத்தினால் அதன் உள்பக்கம் திறக்கும். கீ-ரிங் பகுதியில் உங்கள் சாவியைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்போர்ட் கொடுத்து, ரகசியச்சாவியும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்து ஒரு ஃபைலாகச் சேமியுங்கள். பொதுச்சாவியை மட்டும் எடுத்துவிட்டு பேக்-அப் ஆயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது பேக்-அப்பே இல்லை. அந்த ஃபைலை ஒரு பென் டிரைவில் போட்டு வீட்டில் வையுங்கள். உங்களுக்கே மெயிலில் அனுப்பி வைத்துக்கொள்ளாதீர்கள்.

தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அங்கே சாவிகள் புரொஃபைல் ஃபோல்டருக்குள் இருக்கின்றன. ஏதோ கோளாறு என்று அந்த ஃபோல்டரை அழித்துப் புதிதாகத் தொடங்கினால் சாவியும் கூடவே போகும். ஓபன்பிஜிபி கீ மேனேஜரில் ரகசியச்சாவியை ஃபைலாக எடுத்து வைக்கும் வசதி இருக்கிறது. முதலில் அதைச் செய்யுங்கள். விண்டோஸில் ஜிபிஜி4வின் என்ற பூட்டும் மென்பொருளைப் போட்டிருப்பவர்கள் மட்டும் சற்று மூச்சு விடலாம். அதை அன்இன்ஸ்டால் செய்தாலும் சாவிகள் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் தங்கியிருக்கும். ஆனால் ‘கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன்’ என்று அதையும் துடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளியோபாட்ரா என்ற அதன் சாவி நிர்வாகியில் சாவி மேல் வலது கிளிக் செய்து பேக்-அப் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாவி பத்திரமா? இப்போது பட்டன் எங்கே போனது என்று பார்ப்போம். பெரும்பாலும் அது எங்கேயும் போயிருக்காது. குரோமில் புதிதாகப் போடும் எக்ஸ்டென்ஷனின் ஐகான் முகவரிப் பட்டை அருகே தானாக வந்து நிற்பதில்லை. புதிர்த்துண்டு போல ஒரு குறி இருக்கிறதே, அதற்குள் ஒளிந்திருக்கும். அதைத் திறந்து, பெயருக்குப் பக்கத்தில் உள்ள பின் குறியை அழுத்தினால் வெளியே வரும். ஜிமெயில் டேபை முன்பே திறந்து வைத்துவிட்டு அதன் பிறகு எக்ஸ்டென்ஷனைப் போட்டிருந்தால், அந்தப் பக்கத்தை ரீலோடு செய்யும்வரை பட்டன் தெரியாமல் இருக்கலாம். இன்காக்னிட்டோ ஜன்னலில் எக்ஸ்டென்ஷன்கள் இயல்பாக இயங்காது. நீங்களாக அனுமதி கொடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு குரோம் புரொஃபைல், அலுவலகத்துக்கு ஒன்று என்று வைத்திருப்பவர்கள் ஒன்றில் போட்டுவிட்டு இன்னொன்றில் தேடுவார்கள். ஆண்ட்ராய்டு போனின் குரோமில் எக்ஸ்டென்ஷனே போட முடியாது, அங்கே தேடிப் பயனில்லை.

இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. மெயில்வெலோப் எல்லா இணையதளத்திலும் தலைகாட்டாது. தனக்கு அனுமதித்த மெயில் தளங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு அங்கே மட்டும்தான் வேலை செய்யும். ஜிமெயில் போன்ற பெரிய சேவைகள் அதில் முன்பே இருக்கும். உங்கள் கல்லூரியோ கம்பெனியோ தனக்கென்று நடத்தும் வெப்மெயில் இருக்காது. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மெயில்வெலோப் ஐகானை அழுத்தி, இந்த டொமைனுக்கு அனுமதி என்று கொடுத்தால் போதும்.

அவுட்லுக் விஷயம் வேறு, அங்கே சிக்கல் பெரிது. ஜிபிஜி4வின்னோடு வரும் ஜிபிஜிஓஎல் என்ற ஆட்-இன் ‘செக்யூர்’ என்றொரு பட்டனை மெயில் எழுதும் ஜன்னலில் வைக்கும். அது காணாமல் போவதற்குப் பழைய அவுட்லுக்கில் ஒரு வழக்கமான காரணம் உண்டு: திறக்கும்போது தாமதமாக்குகிறது என்று அவுட்லுக்கே அதை முடக்கிவிடும். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய், ‘காம் ஆட்-இன்ஸ்’ பட்டியலில் டிக் இருக்கிறதா, முடக்கியவற்றின் பட்டியலில் கிடக்கிறதா என்று பாருங்கள். ஆனால் உங்களிடம் இருப்பது ‘நியூ அவுட்லுக்’ என்றால் எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் பட்டன் வராது. இந்த வகை ஆட்-இன்களை அது ஏற்பதே இல்லை. ஜன்னலின் மேல் வலது மூலையில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்சைத் தள்ளியவுடன் பழையதிலிருந்து புதியதற்குப் போய்விடுவோம். தோற்றம்தான் மாறியது என்று நினைத்துக்கொண்டிருப்போம், பூட்டும் வசதி சத்தமில்லாமல் போயிருக்கும். அதோடு முடியவில்லை. நியூ அவுட்லுக்கில் ஜிமெயில், யாஹூ, ஐமேப் கணக்குகளைச் சேர்த்தால் அவற்றின் மெயில்கள் மைக்ரோசாஃப்ட்டின் சர்வருக்கும் நகலாகின்றன. அந்த நிறுவனமே இதைத் தெரிவிக்கிறது. அந்தரங்கத்துக்காக ஒரு பிளக்-இன்னைத் தேடிப் போனவர் இதைத் தெரியாமல் இருக்கலாமா?

தண்டர்பேர்டில் கதை நேர்மாறு. பல ஆண்டுகளாக அதற்கான பூட்டு எனிக்மெயில் என்ற ஆட்-ஆனாகத்தான் இருந்தது. 2020-ல் வந்த 78-ஆம் பதிப்பு பழைய பாணி ஆட்-ஆன்களை நிறுத்திவிட்டு, ஓபன்பிஜிபி வசதியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. இன்றும் பழைய செய்முறைக் குறிப்புகளைப் படித்துவிட்டு எனிக்மெயிலை இறக்கிப் போட்டுப் பார்த்து, ‘வரவில்லையே’ என்று தவிப்பவர்கள் உண்டு. வராது. வர வேண்டியதும் இல்லை. அக்கவுன்ட் செட்டிங்ஸில் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் பகுதிக்குப் போய்ச் சாவியைச் சேர்த்தால் ஆயிற்று.

இந்தத் தேடலில்தான் அடுத்த அபாயம் காத்திருக்கிறது. ‘பிளக்-இன் தெரியவில்லை, என்ன செய்வது’ என்று தேடுகிறவர் அவசரத்தில் இருக்கிறார். முதலில் கண்ணில் படும் ‘டவுன்லோடு’ பட்டனை அழுத்திவிடுவார். 2017-ல் ஆட்பிளாக் பிளஸ் என்ற புகழ்பெற்ற எக்ஸ்டென்ஷனின் பெயரிலேயே ஒரு போலி குரோமின் அதிகாரப்பூர்வக் கடைக்குள் நுழைந்தது. கூகுள் அதை நீக்குவதற்குள் 37,000 பேர் போட்டிருந்தார்கள். அது விளம்பரம் தடுக்கும் கருவியின் போலி. மெயில் பூட்டும் கருவியின் போலியாக இருந்தால் என்ன ஆகும்? உங்கள் ரகசியச்சாவியை இம்போர்ட் செய்யச் சொல்லும், பாஸ்வேர்டைக் கேட்கும், நீங்களும் கொடுப்பீர்கள். ஆகவே பிளக்-இன்னைக் கடையில் தேடி எடுக்காமல், அதைத் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்துக்குப் போய் அங்கிருக்கும் இணைப்பு வழியாகக் கடைக்குப் போங்கள். ‘சரிசெய்து தருகிறோம், உங்கள் திரையை எங்களுக்குக் காட்டும் எனிடெஸ்க் செயலியைப் போடுங்கள்’ என்று எந்த உதவி எண் சொன்னாலும் அந்த நிமிடமே போனை வையுங்கள். சாவியும் திறந்த மெயிலும் இருக்கும் திரையை அந்நியருக்குக் காட்டிய பிறகு எந்தப் பூட்டும் பூட்டல்ல.

பாதுகாப்பைத் தளர்த்தித்தான் பிளக்-இன்னை வரவழைக்க முடியும் என்று யாராவது சொன்னாலும் சந்தேகப்படுங்கள். 2019 மே 4 அன்று ஃபயர்ஃபாக்ஸில் உலகெங்கும் ஆட்-ஆன்கள் ஒரே நேரத்தில் முடங்கின. அவற்றின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சான்றிதழ் ஒன்றின் காலம் முடிந்துவிட்டதுதான் காரணம். ஃபயர்ஃபாக்ஸை அடித்தளமாகக் கொண்ட டோர் பிரவுசரில் நோஸ்கிரிப்ட் என்ற கவசமும் சேர்ந்து விழுந்தது. திருத்தம் வரும்வரை கையொப்பச் சோதனையை அணைத்து வைக்கும் தற்காலிக வழி அப்போது பரவியது. திருத்தம் விரைவிலேயே வந்துவிட்டது. ஆனால் அணைத்த சுவிட்சை மறுபடி போட மறந்தவருக்கு, அதன் பிறகு எந்தப் போலி ஆட்-ஆனும் தடையில்லாமல் உள்ளே வரலாம். அப்படி எதையாவது நீங்கள் மாற்றியிருந்தால் இன்றே பழையபடி வையுங்கள்.

பட்டன் வரும்வரை அந்த மெயிலை என்ன செய்வது? எழுதவே தொடங்காதீர்கள். இதைத்தான் எல்லாரும் கவனிக்கத் தவறுகிறார்கள். ஜிமெயிலின் கம்போஸ் பெட்டியில் நாலு வரி தட்டச்சு செய்துவிட்டுக் கையை எடுங்கள். சில நொடியில் ‘டிராஃப்ட் சேவ்டு’ என்று வரும். நீங்கள் ‘சென்ட்’ அழுத்தவில்லை; ஆனாலும் அந்த நாலு வரியும் பூட்டப்படாமல் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பிறகு பட்டன் கிடைத்து அதே விஷயத்தைப் பூட்டி அனுப்பினாலும் போனது போனதுதான். மெயில்வெலோப் தனக்கென்று தனி எழுதும் ஜன்னலை வைத்திருப்பதே இதற்காகத்தான். ரகசியத்தை அங்கே மட்டும் எழுதுங்கள்.

காத்திருப்பது கடினம்தான். பின்னாளில் அமெரிக்க உளவு ரகசியங்களை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன், 2012 டிசம்பரில் பெயர் சொல்லாமல் பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டைத் தொடர்புகொண்டு, முதலில் மெயிலைப் பூட்டும் பிஜிபி மென்பொருளைப் போடுங்கள் என்றார். எப்படிப் போடுவது என்று வீடியோவே செய்து அனுப்பினார். கிரீன்வால்டுக்கு அது தலைவலியாக இருந்தது, செய்யவில்லை. அதற்காக ஸ்னோடன் பூட்டாத மெயிலில் விஷயத்தைக் கொட்டிவிடவில்லை. ஏற்கெனவே பிஜிபி பயன்படுத்தி வந்த ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸை அடுத்த மாதம் அணுகினார்.

பட்டன் வந்துவிட்டதா? உடனே முக்கியமான மெயிலை அனுப்பாதீர்கள். உங்களுக்கே ஒரு சோதனை மெயில் பூட்டி அனுப்பி, பிளக்-இன் இல்லாத இடத்தில், உதாரணமாகப் போனில், திறந்து பாருங்கள். நீங்கள் எழுதியது படிக்க முடிந்தால் பூட்டவில்லை என்று அர்த்தம். ‘பிகின் பிஜிபி மெசேஜ்’ என்ற ஆங்கிலத் தலைப்பும் அதற்குக் கீழே புரியாத எழுத்துகளும் வந்தாலோ, புரியாத ஓர் இணைப்புக் கோப்பு மட்டும் வந்தாலோ சரி. சப்ஜெக்ட் வரியையும் பாருங்கள். பல சமயம் அது பூட்டப்படாமலே போகிறது; எனவே அங்கே எதையும் எழுதாதீர்கள். மெயிலுக்குள் வெளியிலிருந்து படங்கள் தானாக இறங்கும் வசதியையும் நிறுத்துங்கள். 2018 மே மாதம் ஜெர்மானிய, பெல்ஜிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ‘ஈஃபெயில்’ குறைபாடு, பூட்டைத் திறந்த மெயிலின் உள்ளடக்கத்தை ஹெச்டிஎம்எல் பட இணைப்பு வழியாக வெளியே கடத்தியது.

இதைப் படிப்பதற்கு முன்பே சந்தேகத்துக்குரிய ஏதோ ஒன்றைப் போட்டு, சாவியும் பாஸ்வேர்டும் கொடுத்தாயிற்று என்றால் நேரத்தைக் கடத்தாதீர்கள். அந்த எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். வேறு கம்ப்யூட்டரிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். சாவியை ரத்து செய்யுங்கள். ஜிபிஜி4வின்னில் சாவி உருவான அன்றே ரத்துச் சான்றிதழ் ஒன்றும் உருவாகி, சாவி ஃபோல்டரில் காத்திருக்கும். ரத்து செய்ய அது போதும். உங்களுக்குப் பூட்டி எழுதுகிறவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். அந்த மெயில் முகவரியிலிருந்தே சொல்லாதீர்கள். பணமும் போயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.